அடுப்படியிலிருந்து தெருமுனை வரை



2022 ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. ஒரு பக்கம் தண்ணீர் பாய்ச்சி அடக்கினால் இன்னொரு பக்கம் புகை கிளம்பியது. தீயணைப்பு வண்டிகள் நாள்கணக்கில் அங்கேயே நின்றன. சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் சித்திரை வெயிலிலும் சன்னலைச் சாத்திக்கொண்டு மக்கள் புழுங்கினார்கள். அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். அதே 2022-இல்தான் அந்தச் சதுப்புநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகள் வந்திறங்கும் நீர்ப்பரப்பின் ஓரத்தில் ஒரு நகரத்தின் முப்பது ஆண்டுக் குப்பை புகைந்துகொண்டிருந்தது.

தீயை யார் வைத்தார்கள், தானாகப் பற்றியதா என்ற பேச்சு அப்போது நிறைய நடந்தது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: அங்கே எரிவதற்கு அப்படி என்ன இருந்தது?

இருந்ததில் பெரும் பங்கு சமையலறைக் குப்பை. நேற்றுச் சோறு, முருங்கைச் சக்கை, வாழைத்தோல், மீன் செதில், வடிகட்டிய டீத்தூள். இவை மண்ணில் காற்றோட்டமாகக் கிடந்தால் சில வாரங்களில் எருவாகிவிடும். கேரி பேக்கில் கட்டி, பத்தாள் உயரக் குவியலுக்கு அடியில் அமுக்கினால் கதை வேறு. காற்று போகாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் அதை அழுகச் செய்து மீத்தேனை வெளியிடுகின்றன. அதே வாயுவைக் கலனில் பிடித்தால் அடுப்பு எரிக்கலாம். குவியலுக்குள் சிக்கினால், சூடும் ஒரு பொறியும் போதும், மேலே கிடக்கும் பிளாஸ்டிக் விறகாகிவிடும். அழுகலிலிருந்து கசியும் கறுப்பு நீர் கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. புவியைச் சூடாக்குவதில் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வல்லது.

குவியல் எரியாவிட்டாலும் சரியலாம். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்து 32 பேரைக் கொன்றது. பண்டிகைக்காக வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். நாற்றத்தைப் பற்றியும் ஆபத்தைப் பற்றியும் அந்த மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருந்தார்கள்.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டுகள். நாளொன்றுக்குச் சேரும் குப்பை 5,000 டன்னுக்கும் மேல். இதில் ஏறத்தாழப் பாதி மக்கும் குப்பை. தெற்கே பெருங்குடியிலும் வடக்கே கொடுங்கையூரிலும் பல்லாண்டு காலம் இதைக் கலந்தபடியே கொட்டியிருக்கிறார்கள். அந்த மலைகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலைக்குப் பெருங்குடியில் சுமார் 350 கோடி ரூபாய், கொடுங்கையூரில் 640 கோடி ரூபாய் என்று திட்ட மதிப்பு போடப்பட்டது. பெரிய பெரிய உருளைச் சல்லடைகளில் பழங்குப்பையைச் சுழற்றி மண்ணைத் தனியாக, கல்லைத் தனியாக, கிழிந்த பிளாஸ்டிக்கையும் துணியையும் தனியாக எடுக்கிறார்கள். எரியக்கூடியது சிமெண்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. வீட்டில் இரண்டு கூடை வைத்து ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலையை, முப்பது நாற்பது ஆண்டு தாமதித்து, ஆயிரம் கோடி ரூபாய் அளவில் செலவழித்து நகரம் செய்துகொண்டிருக்கிறது.

இன்றைய உரை வலியுறுத்த வருவது இதைத்தான். ஒரு நகரத்தின் துப்புரவு, குப்பை பயணம் செய்யும் முதல் நூறு மீட்டரில், அதாவது அடுப்படியிலிருந்து தெருமுனை வண்டி வரையிலான தூரத்தில், முடிவாகிவிடுகிறது. அங்கே பிரித்தது கடைசிவரை பிரிந்தே போனால் மிச்சமெல்லாம் கைகூடும். அங்கே கலந்துவிட்டால், ஊருக்கு வெளியே எத்தனை கோடிக்கு இயந்திரம் வாங்கி வைத்தாலும் பலன் இராது.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று டெல்லியில் இருக்கிறது. 1980களில் டென்மார்க்கிலிருந்து தொழில்நுட்பம் வரவழைத்து, திமார்பூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டினார்கள். நாளொன்றுக்கு 300 டன் எரிக்கத் திட்டம். சோதனை ஓட்டம் மூன்று வாரங்கள்கூடத் தாண்டவில்லை. அந்த உலை எதிர்பார்த்த வெப்ப மதிப்பு டெல்லிக் குப்பையில் பாதிகூட இல்லை. ஐரோப்பியக் குப்பையில் காகிதமும் அட்டையும் அதிகம். நம் ஊர்க் குப்பையில் ஈரமும் மண்ணும் அதிகம். ஈரக் குப்பையை எரிப்பதென்றால் முதலில் அதிலுள்ள தண்ணீரைக் காய்ச்சியாக வேண்டும். ஆலை மூடப்பட்டது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்குக் குறையாத வெப்பம் தரக்கூடிய கழிவையே எரிசக்திக்கு அனுப்பச் சொல்லின. அப்படிப்பட்ட கழிவு வேண்டுமென்றாலும் முதலில் பிரித்தாக வேண்டும். கொடுங்கையூரில் எரியுலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து வடசென்னை மக்கள் தெருவில் இறங்கியபோது புகையைப் பற்றி மட்டும் பேசவில்லை. பிரித்தெடுக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள் என்றும் கேட்டார்கள்.

வீட்டுக்கு வீடு குப்பை வாங்குவது சென்னைக்குப் புதிதும் அல்ல. 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, தெருவாசிகளைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்தது. ஒவ்வொரு குழுவும் ஒரு மூன்று சக்கர மிதிவண்டி வாங்கி, ஒருவரை வேலைக்கு அமர்த்தியது. அவருக்குத் 'தெரு அழகர்' என்று பெயர். காலையில் மணியடித்துக்கொண்டு வருவார். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் ஒரு சிறு தொகை. முச்சந்தித் தொட்டி நிரம்பி வழிவதும், மாடும் நாயும் அதைக் கிளறுவதும் அந்தத் தெருக்களில் நின்றன. தெரு தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று நகரத்துக்குக் காட்டியது அந்த இயக்கம்.

ஆனால் அந்த மிதிவண்டி தெருமுனையில் தன் சுமையை எங்கே இறக்கியது? பெரும்பாலான இடங்களில் மாநகராட்சித் தொட்டியில்தான். அங்கிருந்து லாரி, லாரியிலிருந்து பெருங்குடி அல்லது கொடுங்கையூர். தெரு சுத்தமானது, மலை வளர்ந்தது. 2000-இல் மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனத்திடம் போனது. தொடர்ந்து ஒப்பந்தங்களும் நிறுவனங்களும் மாறின. தெருக் குழுக்களுக்கு அந்த ஏற்பாட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை. நாளடைவில் பல குழுக்கள் கலைந்தன. அள்ளும் குப்பையின் எடைக்கு ஏற்பப் பணம் என்று ஒப்பந்தம் இருந்தால், குப்பை குறைவது ஒப்பந்தக்காரருக்கு நட்டம். மக்கும் குப்பை தெருவிலேயே உரமானால் லாரியின் எடை குறையும், வருமானமும் குறையும். இந்த முரண்பாட்டை ஊர் உணர ரொம்ப நாளாயிற்று. 2020 வாக்கில் சென்னையில் போடப்பட்ட புதிய ஒப்பந்தங்களில்தான் எடைக் கணக்கு போய், செயல்பாட்டை அளந்து பணம் தரும் முறை வந்தது.

கொட்டுவதற்கு இடமே இல்லாமல் போனால் ஒரு ஊர் என்ன செய்யும்? பக்கத்து மாநிலத்தில் ஆலப்புழைக்கு அந்த நிலைமை வந்தது. அந்த நகரத்துக் குப்பை சர்வோதயபுரம் என்ற கிராமப் பகுதிக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. 2012-இல் அந்த மக்கள் மறித்துவிட்டார்கள்: இனி ஒரு வண்டிகூட உள்ளே வரக்கூடாது. சுற்றுலாப் பயணிகள் படகில் வலம்வரும் ஆலப்புழையில் கால்வாய்க்கரைகளெல்லாம் குப்பையாயின. அந்த ஆண்டு இறுதியில், அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக்கின் முன்முயற்சியோடு, 'நிர்மல பவனம் நிர்மல நகரம்' என்ற இயக்கத்தை நகராட்சி தொடங்கியது. தூய வீடு, தூய நகரம் என்பது பொருள்.

அங்கே செய்தது எளிமையானது. மக்கும் குப்பையை ஊரைவிட்டு வெளியே அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இடமுள்ள வீடுகளுக்கு மானியத்தில் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்கள்; குறைந்த இடமுள்ள வீடுகளுக்கு மண்ணில் நட்டுவைக்கும் குழாய் உரக்கலன். ஒரு குழாய் நிரம்பியதும் இன்னொன்றுக்கு மாறுவார்கள். அதற்குள் முதல் குழாயில் இருப்பது எருவாகியிருக்கும். இரண்டுக்கும் வழியில்லாத வீடுகளுக்குத் தெருவில் பொது உரத்தொட்டிகள். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவான முறை அது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரத்தில் காற்று புகும் இடைவெளிகளோடு ஒரு பெட்டி. அடியில் சாணம், மேலே காய்ந்த இலை, அதற்கு மேல் சமையலறைக் குப்பை, மறுபடி சாணம், இலை என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். நாற்றமும் ஈயும் அண்டாது. மூன்று மாதத்தில் எரு தயார். முன்பு குப்பை மேடாகக் கிடந்த இடங்களிலேயே இந்தப் பெட்டிகளை வைத்து, சுவர்களில் ஓவியம் தீட்டி, விளக்குப் போட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்த இடத்தில் மக்கள் நின்று பேச ஆரம்பித்தார்கள். 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையைக் கையாள்வதில் உலகுக்கு முன்மாதிரியான ஐந்து நகரங்களைச் சொன்னபோது ஒசாகா, பினாங்கு ஆகியவற்றோடு ஆலப்புழையும் அதில் இருந்தது.

இந்த உரக்கலையின் சூட்சுமம் காய்ந்த இலையில் இருக்கிறது. சமையலறைக் குப்பையில் தழைச்சத்தும் ஈரமும் மிகுதி. தனியாகக் குவித்தால் கொழகொழவென்று அழுகிவிடும். காய்ந்த இலையிலும் மரத்தூளிலும் கரிச்சத்து மிகுதி. ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபத்தைந்து முப்பது பங்கு கரிச்சத்து என்று அமைந்தால் நுண்ணுயிர்களுக்கு அது சரியான தீனி. சென்னையின் தெருக்களில் தூங்குமூஞ்சியும் வாகையும் உதிர்க்கும் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்களே, அது உரத்தொட்டிக்குப் போக வேண்டிய மூலப்பொருள்.

அடுத்த சாட்சி சத்தீஸ்கரின் அம்பிகாபூர். அங்கே நடந்த வேலையின் வேர் தமிழ்நாட்டில், வேலூரில் இருக்கிறது. குப்பையைச் செல்வம் என்றே அழைத்து, திட, திரவ வள மேலாண்மை என்ற முறையை வேலூர் வட்டாரத்தில் வளர்த்தவர் சி. சீனிவாசன். அவருடைய வழிகாட்டுதலில் 2015 வாக்கில் அம்பிகாபூரில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் களமிறங்கினார்கள். ஊருக்கு வெளியே ஒரே பெரிய கிடங்கு என்ற ஏற்பாடு போய், ஊருக்குள்ளேயே பதினேழு பதினெட்டுச் சிறு மையங்கள் வந்தன. பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கிய குப்பையை அந்த மையங்களின் மேசைகளில் பரப்பி, தாள் ஒரு பக்கம், பால் கவர் ஒரு பக்கம், பாட்டில் மூடி ஒரு பக்கம் என்று மிக நுணுக்கமாக வகைபிரித்தார்கள். அட்டை என்று மொத்தமாகப் போட்டால் வரும் விலை வேறு. வெள்ளைத்தாள், செய்தித்தாள், பழுப்பு அட்டை என்று தனித்தனியாகக் கட்டினால் வரும் விலை வேறு. நம் ஊர்க் காயலான் கடைக்காரர்கள் காலங்காலமாக அறிந்த கணக்கு இது. ஊரின் பழைய குப்பைக் கிடங்கு பூங்காவாகிவிட்டது. 2019-இல் அந்த மாநகராட்சி ஓர் உணவகமும் திறந்தது: ஒரு கிலோ பிளாஸ்டிக் கொண்டுவந்து கொடுத்தால் முழுச் சாப்பாடு.

குப்பை பொறுக்கி வாழ்கிறவர்களைச் சேர்க்காமல் எந்தத் திட்டமும் முழுமையாகாது என்பதைப் புனே உணர்த்துகிறது. 1993-இல் அங்கே காகிதம், கண்ணாடி, பழைய இரும்பு பொறுக்குவோருக்காக ஒரு தொழிற்சங்கம் உருவானது. தொழிற்சங்கத் தலைவர் பாபா ஆடவ் அதற்குத் துணை நின்றார். கையில் சாக்கோடு தெருவில் நடந்தாலே திருடர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட பெண்களுக்கு அடையாள அட்டை கிடைத்தது. 2008-இல் அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுதோறும் குப்பை வாங்கும் வேலையை ஏற்றது. வீட்டுக்காரர்கள் தரும் மாதக் கட்டணமும், பிரித்தெடுத்த பொருளை விற்ற காசும் அந்தப் பெண்களுக்கே. பிரிப்பதால் தன் வருமானம் கூடுகிறது என்பதால், கலந்து கொடுக்கும் வீட்டின் கதவைத் தட்டிச் சொல்லிக் கொடுப்பதும் அவர்களே. பிரசாரத் துண்டறிக்கை செய்யாததை அந்த அன்றாட உரையாடல் செய்தது.

அந்தக் கூட்டுறவுதான் இன்னொரு பேச்சையும் துணிந்து எடுத்தது. மாதவிடாய் நாப்கினையும் குழந்தையின் டயப்பரையும் மற்ற குப்பையோடு எறியும்போது, அதைக் கையால் பிரிப்பவர் ஒரு பெண். பயன்படுத்திய நாப்கின்களைத் தயாரிப்பு நிறுவனங்களுக்கே மூட்டைகட்டி அனுப்பிக் கேள்வி கேட்டார்கள். செய்தித்தாளில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள் என்று வீடுகளைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் புள்ளியைப் பார்த்தால் பிரிக்காமலே தனியாக எடுத்துவைக்கலாம். நாப்கினோடு அதைச் சுற்றிப்போட ஓர் உறையும் தரவேண்டும் என்று 2016 விதிகள் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லும் அளவுக்கு அந்தக் குரல் எட்டியது.

சிறு ஊரில் நடக்கும், முப்பது லட்சம் பேர் இருக்கும் நகரத்தில் நடக்குமா என்று கேட்கலாம். இந்தூர் நடத்திக் காட்டியது. 2016-க்கு முன்பு வரை அதுவும் தொட்டி வழியும் ஊர்தான். முதலில் இரண்டு வார்டுகளில் மட்டும் வீடுவீடாக வாங்கிப் பார்த்தார்கள். தவறுகளைத் திருத்திக்கொண்ட பிறகே நகரம் முழுவதும் விரித்தார்கள். தெருவோரத் தொட்டிகளை அடியோடு எடுத்துவிட்டார்கள். தொட்டி இல்லாததால் வண்டி தவறாமல் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மாநகராட்சிக்கே ஏற்பட்டது. வண்டிக்குள் தனித்தனி அறைகள். இன்று ஆறு வகையாகப் பிரித்து வாங்குகிறார்கள். அந்த வண்டி, குப்பையைப் பெரிய லாரிக்கு மாற்றும் நிலையத்தில் இறக்கும்போதும், அது லாரியில் ஏறும்போதும் ஈரக் குப்பை ஈரக் குப்பையாகவே போகிறது.

அதன் பலனை இந்தூரின் தேவ்குராடியா குப்பைக் கிடங்கில் பார்க்கலாம். முன்பு அங்கே 13 லட்சம் டன் பழங்குப்பை குவிந்திருந்தது. அதைச் சலித்து அகற்றிய இடத்தில் 2022 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை திறந்தார்கள். அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆலையை நடத்தும் நிறுவனம், ஈரக் குப்பையைத் தருவதற்காக மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலவாமல் வருகிறது என்ற நம்பிக்கை இருப்பதால்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். 2017 முதல் தூய்மை நகரங்களின் தேசியத் தரவரிசையில் இந்தூர் தொடர்ந்து முதலிடம் பெற்றது. 2025 ஜூலையில் வெளியான பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் சென்னைக்குக் கிடைத்தது 38-ஆம் இடம், மதுரைக்கு 40. தரவரிசையின் அளவுகோல்களைப் பற்றி வாதிடலாம். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றிய மாசி வீதிகளில் காலையில் நடப்பவர்கள் அந்த எண்ணை முழுதும் மறுக்க மாட்டார்கள்.

விலை ஒன்று வைத்தால் பழக்கம் மாறும் என்பதைத் தைபே காட்டியது. 1980களிலும் 90களிலும் தைவானைக் 'குப்பைத் தீவு' என்றே இகழ்ந்தார்கள். 1990களின் நடுவில் தைபே 'குப்பை தரையைத் தொடக்கூடாது' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. தெருவில் பையை வைத்துவிட்டுப் போக முடியாது. மஞ்சள் வண்டி குறித்த நேரத்தில் வரும், மக்கள் தாங்களே கையால் கொண்டுபோய்ப் போட வேண்டும். வண்டி வருவதை அறிவிப்பது பீத்தோவனின் ஓர் இசைத்துணுக்கு, அல்லது 'கன்னியின் பிரார்த்தனை' என்ற பியானோ மெட்டு. அந்த இசை கேட்டதும் வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் படியிறங்குகிறார்கள். 2000 ஜூலை முதல், வீட்டுக் குப்பையை நகராட்சி விற்கும் பையில்தான் போட வேண்டும். பையின் விலைதான் கட்டணம். மறுசுழற்சிக்குப் போகும் பொருளுக்கும் உணவுக் கழிவுக்கும் கட்டணம் கிடையாது. அதனால் பிரிக்கிறவர் பணம் மிச்சம் பிடித்தார். கலக்கிறவர் கூடுதலாகப் பை வாங்கினார். சில ஆண்டுகளில் தைபேயின் வீட்டுக் குப்பை பாதிக்கும் கீழே இறங்கியது. சமைத்த மிச்சம் பன்றிப் பண்ணைக்கும், காய்கறித் தோல் உரத்துக்கும் போயின.

அந்த முறையை அப்படியே பெயர்த்து வியாசர்பாடியிலோ வடபழனியிலோ நட முடியாது. மாலை ஆறு மணிக்கு வீட்டில் ஆள் இருக்கும் என்று சொல்ல முடியாத குடும்பங்கள் இங்கே ஏராளம். ஒரு பைக்கு விலை வைத்தால் இரவோடிரவாகக் கூவம் கரையில் வீசிவிடும் அபாயமும் உண்டு. ஆனால் தைபேயிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரம். இத்தனை மணிக்கு வரும் என்றால் வர வேண்டும். ஒரு வாரம் வண்டி வரவில்லையென்றால், இரண்டு கூடை வைத்திருந்த இல்லத்தரசி எட்டாம் நாள் ஒரே கூடைக்கு மாறிவிடுவார். தான் பிரித்துக் கொடுத்ததை வண்டிக்காரர் கண்ணெதிரே ஒன்றாகக் கொட்டினால் மறுநாளே மாறிவிடுவார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் பச்சை, நீலக் கூடைகள் வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்டு, இன்று அவற்றில் வெங்காயமும் அழுக்குத் துணியும் கிடப்பதற்குக் காரணம் மக்களின் அலட்சியம் மட்டும் என்று சொன்னால் அது நியாயமாகாது.

விலையின் வலிமைக்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட மதுபாட்டில்களின் உடைந்த சில்லுகள் யானைகளின் பாதத்தைக் கிழிப்பது பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அதைத் தொடர்ந்து 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டி வாங்கிய தலைமுறைக்கு இந்த முறை புதிதல்ல. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் துணிப்பையைப் பரப்ப 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். தடை இன்றும் அரைகுறையாக நடக்கும் இடங்களில் பத்து ரூபாய்க் கணக்கு சொல்லாமல் வேலை செய்திருப்பதைத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டும்.

இத்தனை ஊர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது நடுவே நிற்பவர் ஒருவரே: குப்பையைக் கையில் வாங்குபவர். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். மாநகராட்சியின் கீழ் செய்துவந்த வேலை தனியாருக்குப் போவதையும், அதனால் கூலி குறைவதையும் எதிர்த்து அவர்கள் குரல் எழுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். வெள்ளம் வந்தபோதும், கொரோனா காலத்திலும் இந்தக் கைகள்தான் நகரத்தை நடமாட வைத்தன. வேலை நாளை இருக்குமா என்று தெரியாதவரிடம், வீட்டுக்கு வீடு நின்று பிரித்து வாங்குங்கள், கலந்து கொடுத்தால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி? புனேயின் பெண்கள் அதைச் செய்கிறார்கள் என்றால், அந்தக் குப்பையில் அவர்களுக்கு உரிமையும் பங்கும் இருப்பதால்தான். கையுறை கொடுப்பதையும் மேடையில் பொன்னாடை போர்த்துவதையும் தாண்டி, நிலையான வேலையும் உரிய ஊதியமும் துப்புரவுத் திட்டத்தின் முதல் வரியாக எழுதப்பட வேண்டும்.

வீடுகளைப் பற்றி இவ்வளவு பேசியபின் பெரிய இடங்களையும் சொல்லியாக வேண்டும். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் அடுக்ககங்கள், ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள், விடுதிகள் தங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. ஒரு முகூர்த்த நாளில் மண்டபத்திலிருந்து வெளியேறும் எச்சில் இலையும் மிச்சச் சாதமும் வேறெதுவும் கலவாத சுத்தமான ஈரக் குப்பை. கோயம்பேட்டுச் சந்தையில் சேரும் காய்கறிக் கழிவும் அப்படியே. ஆயுத பூஜை மறுநாள் தெருவில் கிடக்கும் வாழைக்கன்றும் உடைத்த பூசணியும், கோடையில் மலைபோலச் சேரும் இளநீர் மட்டையும் முன்கூட்டியே நாள் தெரிந்த குப்பை. இவற்றுக்குத் தனி வண்டி, தனி வழி வகுப்பது கடினமல்ல. நகரத்தின் ஈரக் குப்பையில் கணிசமான பகுதி, ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டாமல், இந்த இடங்களிலேயே பிரிந்துவிடும்.

ஒரு வார்டு எங்கிருந்து தொடங்கலாம்? தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் சட்டப்படி அமைந்துவிட்டன. 2022 நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபையில் கேள்வி கேட்க ஊராருக்கு இருக்கும் உரிமை இன்று தெருவாசிகளுக்கும் இருக்கிறது. அடுத்த பகுதி சபையில் கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நம் தெருவுக்கு வண்டி வரும் நேரம் என்ன? அது எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா? வண்டியில் மக்கும் குப்பைக்கும் மக்காததற்கும் தனி அறை இருக்கிறதா? அந்த வண்டி அடுத்து இறக்கும் இடத்திலும் அவை தனித்தனியாகவே இருக்கின்றனவா? நம் வார்டின் உரமாக்கும் மையம் எத்தனை நாள் இயங்கியது, எவ்வளவு எரு வந்தது, அது யாருக்குப் போனது? இந்தப் பகுதியில் விதிக்கு உட்பட்ட அடுக்ககங்களும் மண்டபங்களும் எத்தனை? அவற்றில் எத்தனை தங்கள் குப்பையைத் தாங்களே உரமாக்குகின்றன? தெரு கூட்டும் பெண்ணுக்கு மாதம் எவ்வளவு ஊதியம் கையில் வருகிறது? முகம் கழுவவும் உடை மாற்றவும் அவருக்கு வார்டில் ஓர் அறை இருக்கிறதா?

இந்தூர் இரண்டு வார்டுகளில் தொடங்கியது. சென்னையின் 200 வார்டுகளில் பத்து வார்டுகள் ஓராண்டுக்கு இந்தக் கேள்விகளை விடாமல் கேட்டு, பதில்களைத் தெருமுனைப் பலகையில் மாதந்தோறும் எழுதி வைத்தால், மற்ற 190 வார்டுகளுக்கும் மாநகராட்சிக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு கிடைக்கும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆயிரம் கோடி ரூபாய் அளவில் செலவழித்து மீட்கும் நிலத்தில் மறுபடி கலந்த குப்பை போய் விழாமலிருக்க, அந்த வேலை பயோமைனிங் முடிவதற்குள் தொடங்கியாக வேண்டும்.